சாகாத கற்பனைப் பாத்திரங்கள்: அவற்றை ஆராய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெர்லக் ஹோம்ஸ், டிராகுலா, சூப்பர்மேன் என்று சில பாத்திரங்கள் இருக்கின்றன. படைத்தவர் போய்விட்டார், படைத்த காலமும் போய்விட்டது, ஆனால் அவை இன்னும் நடமாடுகின்றன. இப்படி நிலைத்துவிட்ட பாத்திரத்தை ஐகான் என்பார்கள். இவற்றை ஆய்வாளர்கள் எப்படிப் படிக்கிறார்கள், அதில் என்ன கிடைக்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்து வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், அந்த இடங்களில் விஷயம் நிறைய இருக்கிறது.

இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா? பல்கலைக்கழகத்தில் உண்மையாகவே இதைப் படிக்கிறார்களா?

படிக்கிறார்கள், அரை நூற்றாண்டுக்கு மேலாகவே. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1964-இல் ரிச்சர்ட் ஹோகார்ட் ஒரு பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கினார், பிறகு ஸ்டூவர்ட் ஹால் அதை நடத்தினார். அமெரிக்காவில் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் ரே பிரவுன் என்ற பேராசிரியர் 1967-இல் வெகுஜனப் பண்பாட்டுக்கென்றே ஓர் ஆய்விதழ் ஆரம்பித்தார், 1973-இல் அதற்கென்று தனித் துறையே வந்துவிட்டது. பேட்மேனை வைத்து முனைவர் பட்டம் வாங்கிய வில் புரூக்கர் அந்த ஆய்வை 2000-இல் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

"கதாபாத்திரத்துக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். கோடிக்கணக்கான மனிதர்கள், ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள், ஒரே ஆளை ஒரே மாதிரி மனதில் வைத்திருக்கிறார்கள், அந்த ஆளோ பிறக்கவே இல்லை. இது எப்படி நடந்தது என்று கேட்காமல் விடுவதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

பிரபலமான பாத்திரம் எல்லாமே ஐகான்தானா?

இல்லை. ஒரு வருடம் எல்லோரும் பேசிவிட்டு அடுத்த வருடம் மறந்துபோன பாத்திரங்கள் ஏராளம். நான் வைத்துக்கொள்ளும் சோதனை எளிமையானது. அந்தப் பாத்திரம் வரும் கதையை ஒரு வரிகூடப் படிக்காதவருக்கு அதைத் தெரிந்திருக்கிறதா? வெறும் நிழலுருவைக் காட்டினால் பெயர் சொல்வாரா? நடிகர் மாறினாலும், புத்தகத்திலிருந்து சினிமாவுக்கும் அங்கிருந்து விளையாட்டுக்கும் தாவினாலும் "இது அதே ஆள்தான்" என்று ஏற்றுக்கொள்வாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது ஐகான். பெயரே பொதுச்சொல்லாகிவிட்டால் இன்னும் நல்லது. "பெரிய ஷெர்லக் ஹோம்ஸ் மாதிரி துருவாதே" என்று சொல்பவர் ஹோம்ஸ் கதை ஒன்றுகூடப் படித்திருக்க வேண்டியதில்லை.

மூலப் புத்தகத்தைப் படித்தால் போதாதா? அதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது?

மூலத்தைப் படித்த உடனேதான் ஆராய்ச்சியே ஆரம்பிக்கிறது, ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்த ஆள் அங்கே இருக்க மாட்டார்.

ஹோம்ஸையே எடுத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு அவரை நினைத்தால் முன்னும் பின்னும் விளிம்பு வைத்து, காதுமடல்களை மேலே கட்டிய வேட்டைத் தொப்பி, வளைந்த புகைக்குழாய், "எலிமெண்டரி, மை டியர் வாட்சன்" என்ற வசனம், இந்த மூன்றும்தான் வரும். ஆர்தர் கானன் டாயில் எழுதியது 4 நாவல், 56 சிறுகதை. அத்தனையையும் புரட்டினாலும் அந்தத் தொப்பியின் வழக்கமான பெயர், டீர்ஸ்டாக்கர், ஓரிடத்திலும் கிடையாது. 1891-இல் வந்த ஒரு கதையில் ஹோம்ஸ் ரயில் ஏறுகிறார், சாம்பல் நிறப் பயண அங்கியும் தலையோடு ஒட்டிய துணித் தொப்பியும் போட்டிருந்தார் என்று மட்டும் டாயில் எழுதுகிறார். அந்தக் கதைக்குப் படம் போட்டவர் சிட்னி பேஜட். ரயில் பெட்டியில் ஹோம்ஸும் அவர் நண்பர் வாட்சனும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் படத்தை வரையும்போது "துணித் தொப்பி" என்பதை அவர்தான் வேட்டைத் தொப்பியாக்கினார். அடுத்த வருடம் இன்னொரு கதையில் டாயிலே "காதுமடல் வைத்த பயணத் தொப்பி" என்று எழுதுகிறார். படம் எழுத்தைப் பாதித்ததா என்று நிரூபிக்க முடியாது, ஆனால் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

அப்புறம் அந்த வசனம். "எலிமெண்டரி" என்ற சொல்லும் "மை டியர் வாட்சன்" என்ற விளியும் 1893-இல் வந்த ஒரு கதையில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வருகின்றன, ஆனால் சேர்ந்து வருவதில்லை. 1899-இலிருந்து மேடையில் ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லெட் அதற்கு நெருக்கமான ஒரு வசனத்தைப் பேசினார். வளைந்த புகைக்குழாயையும் வழக்கமாக அவரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆக, தொப்பி ஓவியர் கொடுத்தது, குழாயும் வசனமும் மேடை கொடுத்தது. டாயில் கொடுத்தது மிச்சமெல்லாம். அந்த மிச்சம் எவ்வளவு பெரியது என்பது வேறு விஷயம்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்போமே, ஐகான் உருவாவதும் அப்படித்தான். யார் எந்தக் கை வைத்தார், எந்த வருடம் வைத்தார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் அன்றாட வேலை.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்த அரக்கனின் பெயர்தானே?

இல்லை, அவனைச் செய்த மாணவனின் பெயர். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கும் உயிருக்குப் பெயரே இல்லை. ஆனால் தப்பாகச் சொல்கிறவரைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று போனால் இந்தத் துறையிலேயே மிக அழகான கதை ஒன்று கிடைக்கும்.

மேரி இதை எழுத ஆரம்பித்தது 1816 கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில், 18 வயதில். முந்தைய வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் அந்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லை, ஓயாத மழை, வெளியே போக முடியாமல் நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று உட்கார்ந்தார்கள். நாவலில் வரும் அந்த உயிர் வாய் பேசும், சாதாரணமாக அல்ல, வாதாடும். ஒரு குடிசைக் குடும்பத்தை ஒளிந்திருந்து கவனித்தே மொழி கற்றுக்கொள்கிறது. ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படிக்கிறது, பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கைப் படிக்கிறது. "என்னைப் படைத்துவிட்டு ஏன் கைவிட்டாய்?" என்று படைத்தவனிடமே நியாயம் கேட்கிறது.

1823-இல் லண்டனில் இதை நாடகமாகப் போட்டார்கள், மேடையில் அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். டி. பி. குக் என்ற நடிகர் ஒரு வார்த்தை பேசாமல் உடலாலேயே நடித்தார். நடிகர் பட்டியலில் பாத்திரத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். மேரி அந்த நாடகத்தை நேரில் போய்ப் பார்த்தார், பெயர் வைக்க முடியாததற்கு இப்படிப் பெயர் வைத்தது நன்றாகத்தான் இருக்கிறது என்று நண்பருக்குக் கடிதமும் எழுதினார். 1931-இல் வந்த ஹாலிவுட் படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியலிலும் அரக்கனாக நடிப்பவர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறிதான். படம் முடிந்த பிறகே போரிஸ் கார்லாஃப் என்ற பெயர் வரும். 108 வருடம் கழித்து அந்தக் கோடு கேள்விக்குறியாகத் திரும்பி வருகிறது பாருங்கள்.

இன்று நமக்குத் தெரிந்த முகமும் அந்தப் படத்தில் வந்ததுதான். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: மருத்துவத்தில் கைதேராத ஒருவன் மூளையை உள்ளே வைக்க வேண்டுமானால் மண்டையை எப்படித் திறப்பான்? பானை மூடி மாதிரி நேராக அறுத்துத் திறந்து, மூளையை வைத்து, மூடிப் பூட்டுவான். அதனால்தான் அந்தத் தட்டைத் தலை. கழுத்தில் இருப்பது போல்ட் என்று நினைக்கிறோம், அது மின்சாரம் பாய்ச்ச வைத்த மின்முனை. நாவலில் இது எதுவும் இல்லை, அங்கே கருப்பாக மின்னும் நீள முடியும் முத்துப் பல்லும் மஞ்சள் தோலும்தான்.

இப்போது பெயர் குழப்பத்துக்கு வாருங்கள். பேசத் தெரிந்து, நியாயம் கேட்கத் தெரிந்த ஒருவனை மேடை ஊமையாக்கியது. தன்னைப் பற்றித் தானே சொல்ல முடியாதவனுக்கு மற்றவர்கள்தான் பெயர் வைக்க வேண்டியிருந்தது, கிட்டே இருந்த பெயரை எடுத்து வைத்துவிட்டார்கள். அப்பா பெயர் பிள்ளைக்குப் போவது போலப் போய்விட்டது என்று சொல்லலாம். அந்தப் பிள்ளை நாவல் முழுக்கக் கேட்டதும் அதைத்தானே, என்னை உன்னுடையவன் என்று ஏற்றுக்கொள் என்று.

டிராகுலா?

அதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலாவுக்கு வெள்ளை மீசை உண்டு. பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான், பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். கடைசியில் அவனைக் கொல்வது இரண்டு கத்திகள், மர ஆணி அல்ல. சூரிய வெளிச்சம் பட்டால் சாவான் என்பது 1922-இல் ஜெர்மனியில் எடுத்த ஊமைப் படத்திலிருந்து வந்தது. கழுத்துக்குப் பின்னால் உயரமாக எழும் காலர் வைத்த கறுப்பு அங்கி 1924 நாடகத்தில் வந்தது. அந்தக் காலர் அழகுக்காக வைத்ததில்லை. நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்றால் காலர் தலையை மறைக்கும், அப்படியே மேடைத் தரையில் உள்ள ரகசியக் கதவு வழியாகக் கீழே நழுவிவிடுவார், அங்கி மட்டும் நிற்கும். ஒரு மேடைத் தந்திரத்துக்காகத் தைத்த துணி இன்று உலகம் முழுக்க ரத்தக்காட்டேரியின் சீருடை.

ஏன் சில பாத்திரங்கள் மட்டும் நிலைக்கின்றன? இதற்கு ஒரே பதில் உண்டா?

ஒரே பதில் கிடையாது. நாலைந்து நல்ல பதில்கள் உண்டு, எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ 1962-இல் சூப்பர்மேன் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புராண நாயகனின் கதை ஏற்கெனவே முடிந்த கதை, எல்லோருக்கும் முடிவு தெரியும். நாவல் நாயகனின் கதையில் அடுத்து என்ன என்பது தெரியாது, ஆனால் ஒவ்வொரு சம்பவமும் அவனைக் கொஞ்சம் செலவழிக்கிறது, வயதாக்குகிறது, சாவுக்கு அருகில் கொண்டுபோகிறது. சூப்பர்மேன் இரண்டாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. புராண நாயகன் போல மாறாமலும் இருக்க வேண்டும், வாரா வாரம் புதிதாகவும் ஏதாவது நடக்க வேண்டும். இதற்கு என்ன வழி? காலத்தையே கலக்கிவிடுவது. போன கதையில் நடந்ததை இந்தக் கதை நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு கதையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும், அதனால் ஆள் தேய்வதில்லை. தொடர்கதையும் காமிக்ஸும் படித்து வளர்ந்த எவருக்கும் இது பளிச்சென்று புரியும். என் கணக்கில் இந்தத் துறையில் ஒரே ஒரு கட்டுரை படிக்க நேரமிருந்தால் இதைத்தான் படிக்க வேண்டும்.

நீனா அவர்பாக் 1995-இல் ரத்தக்காட்டேரிகளைப் பற்றி எழுதியபோது வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய காட்டேரியைத் தானே தேடிக்கொள்கிறது என்பது அவருடைய வாதம். அதாவது நிலைப்பது காட்டேரி அல்ல, நிலைப்பது நம் பயம், அது வருடத்துக்கு வருடம் உடை மாற்றுகிறது. இயன் வாட் 1996-இல் ஃபாஸ்ட், டான் குவிக்சாட், டான் ஜுவான், ராபின்சன் குரூசோ ஆகிய நால்வரையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, நவீன காலத்தின் தனிமனிதன் என்ற எண்ணம் இவர்கள் வழியாகத்தான் புராணமானது என்றார்.

ஜோசப் கேம்பல் 1949-இல் சொன்ன விளக்கமும் உண்டு, உலகத்து நாயகர்கள் எல்லோரும் ஒரே பயணத்தைத்தான் போகிறார்கள் என்பது. கேட்கச் சுகமாக இருக்கும், எனக்கு அதில் திருப்தி இல்லை. அந்தப் பயணத்தை அச்சுப் பிசகாமல் போன ஆயிரக்கணக்கான நாயகர்கள் காணாமல் போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் விளக்கத்தால் ஒருவர் ஏன் தப்பினார் என்று சொல்ல முடியாது.

என் சொந்தக் கருத்து: நிலைக்கும் பாத்திரத்துக்கு மாறாத ஒரு சின்ன மையம் வேண்டும், அதைச் சுற்றி மற்றவர்கள் கை வைக்க நிறையக் காலி இடமும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நிற்காது.

ஆழமாகப் படைக்கப்பட்ட பாத்திரம்தானே நிலைக்கும்?

அப்படித்தான் நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஆனால் மனதின் எல்லா மூலையும் எழுதப்பட்ட பாத்திரத்தில் மற்றவர் நுழைய இடம் கம்மி. ஹோம்ஸின் பெற்றோர் யார், எப்படி வளர்ந்தார் என்று டாயில் அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. ஒரு அண்ணன் உண்டு, அதுவும் நடுவில் ஒரு கதையில் திடீரென்று தெரியவரும். அந்த வெற்றிடத்தில்தான் 130 வருடமாக எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2012-இல் கின்னஸ் கணக்கெடுத்தபோது திரையிலும் தொலைக்காட்சியிலும் 254 முறை ஹோம்ஸ் வந்திருந்தார்.

பேட்மேன் ஒருமுறை கோமாளித்தனமாக வருகிறார், ஒருமுறை இருட்டாக வருகிறார். இதில் எது உண்மையான பேட்மேன்?

ரொபர்ட்டா பியர்சனும் வில்லியம் யூரிச்சியோவும் 1991-இல் தொகுத்த நூலில் இந்தக் கேள்வியைத்தான் பிடித்தார்கள். பேட்மேனுக்கு "இதுதான் மூலம்" என்று காட்ட ஒரு நூல் கிடையாது, குறிப்பிட்ட ஒரு காலமும் கிடையாது, அத்தனை வடிவங்களும் ஒரே அளவுக்குச் செல்லும் என்றார்கள். 1966 தொலைக்காட்சித் தொடரில் பளபளவென்று சிரிக்க வைத்தவரும் பேட்மேன்தான், பிறகு வந்த கடுகடுப்பானவரும் பேட்மேன்தான்.

ஆனாலும் ஒன்று மாறவில்லை. பேட்மேன் முதலில் வந்தது 1939 மே மாத இதழில். அவர் ஏன் இப்படி ஆனார் என்பது அந்த வருடம் நவம்பர் இதழில்தான் வந்தது, இரண்டே பக்கங்களில். தெருவில் ஒரு சிறுவனின் கண்ணெதிரே அப்பாவும் அம்மாவும் சுடப்படுகிறார்கள். அந்த இரண்டு பக்கத்தைத் தொடாத பேட்மேன் எழுத்தாளர் அபூர்வம். நான் மேலே சொன்ன சின்ன மையம் என்பது இதுதான்.

இதோடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பேட்மேனைப் படைத்தவர் என்று பாப் கேன் பெயர் மட்டும் பல பத்தாண்டுகள் வந்தது. முகமூடியையும் அங்கியையும் கறுப்பு-சாம்பல் நிறத்தையும் யோசித்துக் கொடுத்தவர் பில் ஃபிங்கர். அவர் 1974-இல் இறந்தார். அதிகாரபூர்வமாக அவர் பெயரும் சேர்ந்து வர ஆரம்பித்தது 2015-இல். யார் கை வைத்தார் என்று தேடுவது வெறும் அறிவு விளையாட்டு இல்லை என்று நான் நினைப்பதற்கு இவர் ஒரு காரணம்.

படைத்தவருக்கே தன் பாத்திரம் சலித்துவிட்டால்?

டாயிலுக்குச் சலித்தது. 1893 டிசம்பரில் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் கொந்தளித்தார்கள், பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள். 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார், அருவியில் விழவே இல்லை என்ற விளக்கத்தோடு. ஆசிரியர் கொன்றும் சாகாத ஆள் இனி ஆசிரியருக்கு மட்டும் சொந்தமில்லை என்பது அந்தப் பத்து வருடத்தில் தெரிந்துபோனது.

இதைவிடப் பழைய உதாரணம் டான் குவிக்சாட். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் முதல் பாகத்தை 1605-இல் வெளியிட்டார். இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1614-இல், வேறொருவர் புனைபெயரில் ஒரு போலி இரண்டாம் பாகம் போட்டுவிட்டார். செர்வாண்டிஸ் 1615-இல் தன் பாகத்தை வெளியிடும்போது செய்தது அற்புதம்: குவிக்சாட் ஒரு விடுதியில் அந்தப் போலிப் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறார், அதில் தான் சரகோசா போனதாக எழுதியிருக்கிறது என்று தெரிந்ததும், அது பொய் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காகவே சரகோசா போகாமல் பார்சிலோனா பக்கம் திரும்பிவிடுகிறார். பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் பாத்திரமே இறங்கி நிற்கிறது, 400 வருடத்துக்கு முன்னால்.

ரசிகர்களை ஆய்வாளர்கள் மதிக்கிறார்களா?

இப்போது மதிக்கிறார்கள். ஹென்றி ஜென்கின்ஸ் 1992-இல் எழுதிய நூல் பெரிய திருப்பம். ரசிகர்கள் கொடுத்ததை வாங்கி விழுங்குகிறவர்கள் அல்ல, எடுத்துத் தங்களுக்கு வேண்டியபடி புதிதாகச் செய்கிறவர்கள் என்று காட்டினார்.

ஆனால் ரசிகர்கள் அதற்கு வெகு முன்னாலேயே ஆய்வாளர்களாக இருந்தார்கள். 1911-இல் ரொனால்ட் நாக்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். பைபிளை அறிஞர்கள் எப்படி அலசுவார்களோ அதே முறையில் ஹோம்ஸ் கதைகளின் முரண்பாடுகளை அலசினார். விளையாட்டாக ஆரம்பித்தது, 1934-இல் நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு சங்கம் வரைக்கும் போனது. லண்டன் பேக்கர் தெருவில் 221பி என்ற ஹோம்ஸின் விலாசம் கதை எழுதியபோது இல்லவே இல்லை. 1930-களில் தெரு எண்கள் மாறி, அந்த எண் ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்தின் கட்டடத்துக்குள் வந்தது. ஹோம்ஸுக்குக் கடிதங்கள் வந்து குவிய, பதில் எழுதுவதற்கென்றே நிறுவனம் ஒரு செயலாளரை வைத்தது, பல பத்தாண்டுகள் அந்த வேலை தொடர்ந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு ஹோம்ஸ் கற்பனை என்று தெரியும். தெரிந்தே நம்புவது என்ற இந்த இரட்டை மனநிலையைத்தான் மைக்கேல் சேலர் 2012-இல் ஒரு நூல் முழுக்க விளக்குகிறார்.

பதிப்புரிமைச் சட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. மேலே சொன்ன 1922 ஜெர்மன் டிராகுலா படத்தை அனுமதி வாங்காமல் எடுத்ததற்காக ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டார், 1925-இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தப்பிய பிரதிகளால்தான் சூரிய வெளிச்சத்தில் சாகும் காட்டேரி இன்று நமக்குத் தெரியும். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1938-இல் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள், பிறகு பல வருடங்கள் வழக்காடினார்கள்.

சட்டமும் இலக்கியமும் நேராக மோதிய இடம் 2014-இல் அமெரிக்காவில் வந்த ஹோம்ஸ் தீர்ப்பு. அப்போது கடைசிப் பத்துக் கதைகளுக்கு மட்டும்தான் அங்கே உரிமை மிச்சமிருந்தது. டாயிலின் வாரிசுகள் தரப்பு, அந்தக் கடைசிக் கதைகளில்தான் ஹோம்ஸ் முழு மனிதராக ஆகிறார், ஆகவே மொத்தப் பாத்திரமும் எங்களுக்கே என்று வாதாடியது. நீதிபதி போஸ்னர் ஏற்கவில்லை. ஒரு பாத்திரம் எந்தக் கதையில் "முழுமை" அடைகிறது என்று நீதிமன்றத்தில் வாதாடுகிறார்கள் என்றால், வகுப்பறைக் கேள்வி எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள். மிக்கி மவுஸின் 1928 வடிவத்துக்கான பதிப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1-இல் முடிந்தது. அந்தப் பழைய, ஒல்லியான, கையுறை போடாத மிக்கிக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

மிக்கியைப் பற்றிச் சொன்னீர்கள். அளவெடுத்துக்கூட ஆராய்வார்களாமே?

ஆமாம், செய்தவர் ஸ்டீபன் ஜே கூல்ட், உயிரியல் அறிஞர். 1979-இல் அவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு பல காலத்து மிக்கி படங்களை அளந்தார். கண்ணின் அளவு தலை நீளத்தில் 27 சதவீதத்திலிருந்து 42 சதவீதம் ஆகியிருந்தது, உடம்போடு ஒப்பிட்டால் தலையும் பெரிதாகியிருந்தது. பெரிய தலை, பெரிய கண், குட்டைக் கால், இவை குழந்தையின் அளவுகள். வருடங்கள் போகப் போக மிக்கிக்கு வயது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆரம்பத்தில் மற்ற விலங்குகளைப் பிடித்து முறுக்கி இசை எழுப்பிய முரட்டு எலி, எல்லோர் வீட்டுக்குள்ளும் போகப் போகச் சாதுவானது. குணம் மாறியதற்கு ஏற்றபடி முகமும் மாறியது என்பதை கூல்ட் எண்களால் காட்டினார். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம், நானும் செய்து பார்த்திருக்கிறேன், ஒரு பொழுது போவதே தெரியாது.

இதில் அரசியல் வருமா?

வராமல் இருக்காது. காட்ஸில்லா பொழுதுபோக்கு ராட்சசன் என்று நினைப்பவர்கள் முதல் படத்தின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது, அதில் 23 பேர் இருந்தார்கள், படகின் ரேடியோத் தொடர்பைக் கவனித்தவர் அந்த செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் வெளியான படம் ஒரு வெளிச்ச வெடிப்பில் ஒரு கப்பல் அழிவதோடு தொடங்குகிறது. பார்த்தவர்களுக்கு அது எந்தப் படகு என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

வொண்டர் உமனை 1941-இல் படைத்த வில்லியம் மார்ஸ்டன் உளவியலாளர். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் முறையில் வேலை செய்தவர், உண்மை பேச வைக்கும் சுருக்குக் கயிற்றைத் தன் நாயகி கையில் கொடுத்தார். 1972-இல் அமெரிக்கப் பெண்ணியப் பத்திரிகை ஒன்று அவளை அட்டையில் போட்டுக் கொண்டாடியது. 2016 அக்டோபரில் ஐ.நா. அவளைப் பெண்கள் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதராக அறிவித்தபோது ஐ.நா. ஊழியர்களே எதிர்த்தார்கள், இரண்டு மாதத்துக்குள் அது முடிந்துபோனது. ஒருவருக்கு விடுதலையாகத் தெரிந்தது இன்னொருவருக்கு அரைகுறை உடையாகத் தெரிந்தது. இரண்டு தரப்பையும் பதிவு செய்வதுதான் ஆய்வாளர் வேலை, தீர்ப்பு அதற்குப் பிறகு.

சொந்த ஊரில் மங்கி வெளியூரில் வாழும் பாத்திரங்கள் உண்டா?

உண்டு. முகமூடி வேதாளர், ஆங்கிலத்தில் ஃபேண்டம் என்ற காமிக்ஸ் நாயகர். லீ ஃபாக் அமெரிக்கச் செய்தித்தாள்களுக்காக 1936-இல் ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவில் 1948-இலிருந்தும் சுவீடனில் 1950-இலிருந்தும் தனி இதழ்கள், இந்தியாவில் 1964-இலிருந்து இந்திரஜால் காமிக்ஸ். இந்த மூன்று நாடுகளில் அவருக்கு இருந்த செல்வாக்கு அவர் பிறந்த அமெரிக்காவில் இருந்ததில்லை.

நானும் ஒரு பாத்திரத்தை ஆராய வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில், மூலத்தைத் தொடும் முன், அந்தப் பாத்திரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். உடை, வசனம், முகம், பலம், பலவீனம், எல்லாம். அப்புறம் முதல் கதையைப் படியுங்கள், அதில் இல்லாததையெல்லாம் தாளில் சுழியுங்கள். இனி ஒவ்வொரு சுழியும் ஒரு கேள்வி: இது எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது? சூப்பர்மேனை வைத்துச் செய்தால் அசந்துபோவீர்கள். 1938-இல் அவரால் பறக்க முடியாது, ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவத்தான் முடியும். அவரை வீழ்த்தும் கிரிப்டோனைட் 1943-இல் வானொலி நாடகத்தில்தான் வந்தது, அச்சில் அல்ல.

இணையத்தில் கிடைக்கும் "உங்களுக்குத் தெரியுமா" துணுக்குகளை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பழைய இதழ்களின் பக்கங்கள் படமாகவே கிடைக்கின்றன, தேதியோடு பார்த்து எழுதுங்கள்.

ஐகான் சாகுமா?

சாகும், அதைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

டாயில் ஹோம்ஸைக் கொன்ற அதே 1893 டிசம்பரில் அரைப் பென்னி விலைக்கு விற்ற ஒரு பத்திரிகையில் செக்ஸ்டன் பிளேக் என்ற துப்பறிவாளர் பிறந்தார். பிறகு அவரும் பேக்கர் தெருவுக்கே குடிவந்தார். அடுத்த பல பத்தாண்டுகளில் சுமார் 200 எழுத்தாளர்கள் அவரை வைத்து 4,000-க்கும் மேற்பட்ட கதைகள் எழுதினார்கள், நாடகம், சினிமா, வானொலி, காமிக்ஸ், தொலைக்காட்சி எல்லாவற்றிலும் வந்தார். ஹோம்ஸுக்கு 60 கதைதான். இன்று பிளேக்கின் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

ஊர் கூடி இழுத்தால் தேர் ஓடும் என்று மேலே சொன்னேனே, இவரை 200 பேர் இழுத்தார்கள். ஆனால் அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றும் ஒரு பழமொழி உண்டு. பேட்மேனுக்கு இருப்பது போல எல்லோரும் திரும்பிப் போகும் இரண்டு பக்கம் பிளேக்குக்கு இல்லை. ஹோம்ஸும் வாட்சனும் முதன்முதல் சந்தித்துக் கைகுலுக்கும் அந்த ஆய்வுக்கூடம் போல ஓர் இடமும் இல்லை. எழுத வந்த ஒவ்வொருவரும் அவரைப் புதிதாகச் செய்தார்கள், வாசகர் மனதில் தங்குவதற்கு மாறாத ஒன்று கிடைக்கவில்லை. இது என் ஊகம்தான். 4,000 கதைகளையும் ஒருவர் வரிசையாக உட்கார்ந்து படித்து, எந்த இடத்தில் பிடி நழுவியது என்று காட்டினால் அந்த ஆய்வேட்டை முதலில் வாங்கிப் படிப்பது நானாகத்தான் இருக்கும்.